கடலில் ஒரு சாண் பள்ளம்

ஜூலை 2

கிடைத்துவிட்டது! நடுக்கடலில் ஒரு பள்ளம். ஆழம் ஒரு சாண்தான், அகலம் நூறு கிலோமீட்டர். கப்பலில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் மேலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கடல்மட்டத்தை அளந்து சொல்லிவிடுகிறது. இப்படித் தாழ்ந்த இடத்தில் நீர் சுழலும். அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் நைட்ரேட் முதலான சத்துகளோடு மேலேறும். நுண்பாசி செழிக்கும். இது என் வாதம். தண்ணீரை மொண்டு வடிகட்டிப் பார்த்தால்தான் நிரூபணம்.

கடலின் நிறத்தைப் படமெடுக்கும் இன்னொரு செயற்கைக்கோளுக்கு மூன்று வாரமாக மேகம்தான் தெரிகிறது. ஆக, உயரத்தைப் பார்த்தே உயிரைச் சொல்லியாக வேண்டும். சொல்வேன்!

ஜூலை 3

ஆய்வுக் கப்பலில் இருக்கும் தலைமை விஞ்ஞானி அங்கே போய்ப் பார்க்கப் போனில் ஒத்துக்கொண்டார். "ஒரே ஒரு இடம்தாம்மா. அங்க ஒண்ணும் இல்லேன்னா, அடுத்த வருஷம் கப்பல் கேட்டு வரக்கூடாது."

அதே கப்பலில் தண்ணீரைச் சோதிக்கிறவள் என் நாத்தனார். கப்பலேறிய நாளிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். "என் தங்கச்சியப் பள்ளத்துல தள்ள உனக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்கிறார் இவர். சந்தோஷம்தான். தலைகால் புரியவில்லை.

ஜூலை 4

இடத்தை அனுப்பிவிட்டேன். பள்ளம் தினமும் ஆறு கிலோமீட்டர் மேற்கே நகர்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தாயிற்று. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ஜூலை 6

காலை பத்தரைக்கு நாத்தனார் அழைத்தாள். "அண்ணி, வடிகட்டின தாள் வெள்ளையா இருக்கு. நைட்ரேட்டும் இல்ல. கப்பலைத் திருப்பப் போறாங்க."

எங்கே தப்பு? கடல்மட்டப் படத்தைத் திறந்தேன். கோப்பின் பெயரில் ஜூலை 2. ஐயோ — அது நான் பதிவிறக்கிய தேதி! நானே வைத்த பெயர்! செயற்கைக்கோள் அளந்த தேதி உள்ளே இருக்கிறது: ஜூன் 23. ஒன்பது நாள் வித்தியாசம். ஐம்பத்துநாலு கிலோமீட்டர். பள்ளம் நடந்து போய்விட்டது, நான் அதன் பழைய வீட்டு வாசலில் கப்பலை நிறுத்தியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் கோளாறு என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிஷம் நினைத்தேன், உண்மை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அதுவும் அந்தப் பெண் வாந்தியோடு வாந்தியாகத் தண்ணீர் மொண்டிருக்கும்போது? தலைமை விஞ்ஞானியை அழைத்துச் சொல்லிவிட்டேன்.

"பழைய தேதியா? பால் பாக்கெட்டையே தேதி பாத்துத்தானேம்மா வாங்குறோம்?" என்றார். வரைபடத்தை விரிக்கும் சத்தம் கேட்டது. "மேற்கதானே? மூணு மணி நேரப் பயணம். போய்ப் பாக்கறேன். அதோட சரி."

மாலை நாலு மணி. இன்னும் தகவல் இல்லை. நகம் தீர்ந்துவிட்டது.

நாலு நாற்பது — "அண்ணி! பச்சை! தாள் முழுக்கப் பச்சை! நைட்ரேட்டு எகிறுது!" பின்னாலிருந்து யாரோ விசிலடிக்கிறார்கள். ஆபீஸ் வராந்தா முழுக்க ஓடினேன். இப்போதுதான் துடைத்த தரை. துப்புரவு அக்கா திட்டினார். அவரையும் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 7

தூங்கி எழுந்த பிறகும் பச்சைதான்.

ஜூலை 16

கப்பல் வந்துவிட்டது. தலைமை விஞ்ஞானி என் அறைக்கே வந்தார். "நீ தப்பா அனுப்பின இடத்துல எடுத்த தண்ணிதாம்மா இப்ப சாட்சி. பள்ளத்துக்கு வெளிய அது, உள்ள இது. ரெண்டும் இருந்தாத்தானே யாரும் நம்புவாங்க?" வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்த வருஷம் எத்தனை இடம்?"

மூன்று என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

நாத்தனார் இரண்டு கிலோ இளைத்திருக்கிறாள். எனக்கென்று மிச்சம் பிடித்த இரண்டு வடிதாள்களைக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. இரண்டுக்கும் கீழே பென்சிலால் தேதியைப் பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறாள். கொழுப்பு.