ஆடியில் வாங்கிய பனி மெசின்

என் அன்புக்குரிய ‘இஞ்சாருங்கோ’வுக்கு,

கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் போனபிறகும் அது வருகுதில்லை. அதனால் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த எழுத்து இவ்வளவுதான். பிழை கண்டால் அங்கேயிருந்து சிரியுங்கோ.

இந்த மலையில் மறுபடியும் பனி கொட்டுகிறது. மகன் மின்சார நிலையத்துக்கும் மருமகள் வசந்தி ஆஸ்பத்திரிக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, நானும் குசினி ஜன்னலும்தான். மழை என்றால் கூரையில் ஏதாவது பேசும். பனிக்கு அந்த வாயும் இல்லை.

ஜன்னலில் நின்றால் நீங்கள் விழுந்த இடம் தெரியும். ரோட்டுப் பனியை வழிக்கிற பெரிய வண்டி எங்கள் வாசலை அடைத்துத் தள்ளிவிட்டுப் போன கட்டிப் பனி. மகன் வேலையால் வந்தால் கார் உள்ளே வரவேண்டுமே என்று பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு போனீர்கள். “விடுங்கோ, அவன் வந்து அள்ளட்டும்” என்றேன். “நீ தேத்தண்ணியைப் போடு” என்றீர்கள். டொக்டர் இதயம் என்று சொன்னார். நான் சவள் என்றுதான் சொல்வேன்.

அதற்கு முந்திய வருஷமே பனி தள்ளுகிற மெசின் ஒன்று வாங்கச் சொன்னேன். “அடுத்த வருஷம் பாப்பம் அம்மா” என்றான் உங்கள் மகன். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. இந்த வருஷப் பனிமாரியும் வந்தது, மெசின் வரவில்லை, அவன் சவளோடு நின்றான். அவனோடு கதைப்பதை நிறுத்தினேன். சோற்றைப் போடுவேன், கோப்பையை எடுப்பேன், அவ்வளவுதான். கதைக்காமல் இருப்பது எனக்குத்தானே பெரிய தண்டனை? வேறு யாரிடம் கதைக்க இங்கே?

ஆடி பிறந்த கையோடு ஒரு பின்னேரம். காரை ரோட்டில் நிற்பாட்டிவிட்டு அந்தக் கட்டியை வெட்டிக்கொண்டிருந்தவன், நீங்கள் விழுந்த இடத்திலேயே சவளில் சாய்ந்து மூச்சு வாங்கினான். வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

“உன்ரை அப்பாவைத் திண்ட சாமானடா அது! கீழ போடு!”

“காரை ரோட்டில விட்டால் இடிச்சுப்போடுவாங்கள் அம்மா.”

“மெசின் ஒண்டு வாங்க உனக்குக் கை வராதோ? என்ரை தாலி போனது காணாதோ?”

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “உங்களுக்காகத்தானே வாங்காமல் இருந்தனாங்கள். அப்பாவின்ரை ஆண்டுத்திவசம் முடியாமல் வீட்டுக்குப் புதுச்சாமான் வாங்கினால் மாமிக்கு மனம் நோகும் எண்டு வசந்தி சொன்னவா. திவசமும் ஆடிக்குள்ள வருது, ஆடியில ஒண்டும் புதுசா வாங்கேலாது. ஆவணி பிறக்கட்டும் எண்டு...”

ஆவணி! ஊரில் காற்றும் வெயிலுமாய்ப் போகிற ஆடி, இங்கே பனியின் உச்சம் என்று எங்கள் பஞ்சாங்கத்துக்கு யார் சொல்வது?

“ஆரடா என்னைக் கேட்டது?”

“பொங்கலுக்குப் புதுப்பானையே வாங்கவிடாத ஆளிட்டை எப்பிடியம்மா மெசினைக் கேக்கிறது?”

“பானை வேறை, உயிர் வேறை. நாளைக்கே மெல்பேர்ணுக்கு வெளிக்கிடு.”

“நாளைக்குச் செவ்வாய்.”

“செவ்வாயோ வெறுவாயோ, வெளிக்கிடு!”

அரைநாள் கார் ஓட்டம். கடைக்கார வெள்ளைக்காரன் என்னை “கிராண்ட்மா” என்று கூப்பிட்டுக் கதிரை தந்துவிட்டு, பிறகு மகனோடு மட்டும் பேசினான். கதிரை தந்ததை மறக்கமாட்டேன். மற்றதையும்தான்.

முதலில் ஒரு சின்னச் சிவப்பு மெசின். ஒரே அலகு, அதுவே அள்ளி அதுவே எறியும். “பாரமில்லை மாமி, வடிவாயும் இருக்கு” என்றாள் வசந்தி. வாசல் கட்டியை அது வெட்டுமா என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரன் நாடியைத் தடவினான். புதுப்பனிக்கு நல்லது, ஈரக்கட்டி என்றால் வாய் அடைத்துவிடும் என்றான். உண்மையைச் சொன்னான், நல்லா இருக்கட்டும். பக்கத்து வீட்டில் நிற்பதும் அதுதான். அதன் தொண்டையை அவர்கள் தடியால் கிண்டுவதை ஜன்னலால் தினமும் பார்க்கிறேனே.

அடுத்ததற்கு முன்னால் இரும்புத் திருகு ஒன்று கட்டியைக் கடித்து உள்ளே தள்ளும், பின்னால் காற்றாடி மாதிரி இன்னொன்று தூர வீசும். சக்கரம் தானே உருளும். கல் அகப்பட்டால் ஒரு சின்ன ஆணி முறிந்து இயந்திரத்தைக் காப்பாற்றுமாம். அதையே எடுத்தோம், அந்த ஆணியில் ஒரு பையும் வாங்கினோம். அதைவிடப் பெரிய ஒன்றில்தான் எனக்கு ஆசை. “அது எங்கடை கராஜை விடப் பெரிசம்மா” என்றான் மகன்.

கரண்டில் ஸ்டார்ட் பண்ணலாம் என்றார்கள். பனி கொட்டினால் முதலில் போவது கரண்டுதானே? இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கயிறும் இருந்தது. கதிரையால் எழும்பினேன்.

“விடுங்கோ அம்மா, நான் இருக்கிறன்தானே.”

“நீ வேலையில நிக்கேக்கை ஆர் இருக்கிறது?”

கயிற்றைப் பிடித்தேன். இழுத்தேன், முனகியது. பிறகும் இழுத்தேன், இருமியது. பல்லைக் கடித்து இழுத்ததும் கடைப் பின்வளவே அதிர்ந்தது. அதற்குப் பிறகு கடைக்காரன் நெம்புகோலெல்லாம் எனக்குத்தான் காட்டினான்.

இன்று எல்லோரும் போனபிறகு பெரிய வண்டி வந்து வாசலை அடைத்துவிட்டுப் போனது. உங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெசினோடு போனேன். அது கட்டியைக் கடித்து அப்பால் எறிந்தது. நீங்கள் விழுந்த இடத்தில் கொஞ்சம் நிற்பாட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. பனிதான். அதையும் எறிந்தேன். பிறகு மிச்சத்தையும் வழித்து முடித்தேன். பக்கத்தில் நின்று “காணும், உள்ளே வா” என்று சொல்ல ஒருவருமில்லை.

பின்னேரம் மகனின் கார் ரோட்டில் நிற்காமல் நேரே கராஜுக்குள் வந்தது. வந்தவன் கனநேரம் காரை விட்டு இறங்கவில்லை. பிறகு குசினிக்கு வந்து, “ஆரம்மா வழிச்சது?” என்றான்.

“மெல்பேர்ண் கடைக்காரன் வந்தவன்” என்றேன். சிரித்தான். இருட்டும்வரை இருந்து கதைத்தோம், அதிகமும் உங்களைப் பற்றித்தான். ‘அடுத்த வருஷம் பாப்பம்’ என்றதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது கிடக்கட்டும்.

ஆடி அமாவாசைக்கு உங்களுக்காக விரதம் பிடிக்கப்போகிறான். பிடிக்கட்டும், அது பிள்ளையின் கடமை. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த மாரி முடியும்வரை, அவன் வீடு திரும்ப முன்னம் அந்த வாசல் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்