கொட்டகையில் தொங்கிய பச்சை இலை

ஆகஸ்ட் 2, வெள்ளி

அறுவடை. ஆய்வகத்தின் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த செடிகளைப் பார்த்து டெல்மர் இன்றும் மூக்கைச் சுளித்தார். "காலமெல்லாம் புகையிலை போட்டவன் நான். இந்த நோஞ்சானையும் புகையிலைன்னு சொல்லுவியா, ரூத்தி?"

ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். இதை யாரும் புகைக்கப் போவதில்லை. இலைக்குள் ஊறியிருக்கும் புரதம் மாட்டிறைச்சியில் ஒளிந்திருக்கும் ஈ.கோலை கிருமியைக் கொல்லும். கொல்ல வேண்டும், தெய்வமே! வியாழன் நடக்கும் சோதனை தோற்றால் கூடத்தை மூடிவிடுவேன் என்று ஆய்வகத் தலைவி கார்லா சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் எனக்கு வேறு வேலை உண்டு. டெல்மர்தான் கூடத்து வேலை போய் லாரி ஓட்டப் போவார், மாதத்துக்கு இரண்டு நாள் வீடு. என் புருஷனை நான் காலண்டரில்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

வெயில். தக்காளி பறித்தேன். நிம்மதி.

ஆகஸ்ட் 5, திங்கள்

என்ன நிம்மதி, மண்ணாங்கட்டி! அறுத்த இலையை வைக்கச் சொன்ன குளிர் அறையில் ஓர் இலைகூட இல்லை. டெல்மருக்குப் போன் போட்டேன்.

"அங்க இடமில்ல. வண்டியில குவியலா விட்டா வெந்துபோகும்ல? அதான் நம்ம கொட்டகையில தொங்கவிட்டேன்."

கொட்டகையிலா! மூன்று நாளா! இலை வாடினால் புரதம் கெட்டுப்போகுமே! எல்லாச் செடியும் குச்சியில் கோத்து, வரிசை பிசகாமல், ஓரம் மஞ்சளித்துத் தொங்குகிறது. புகையிலை உலர்த்தியே வளர்ந்த கென்டக்கிக்காரன் கையில் இலையைக் கொடுத்தால் வேறென்ன செய்வான்? கத்தித் தீர்த்தேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

கார்லாவிடம் சொன்னேன். "டெல்மர் அண்ணே, இது சுருட்டுக் கம்பெனி இல்ல!" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வேறு இலை கிடையாது. போனால் போகிறதென்று வாடியதையே அரைத்துச் சாறெடுத்தேன்.

ஆகஸ்ட் 8

கிருமி தடவிய இறைச்சி, பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். நாளை தெரியும்.

ஆகஸ்ட் 9

செத்துப்போச்சு! கிருமிதான்! தண்ணீர் தெளித்த இறைச்சியிலிருந்து எடுத்து வளர்த்த தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள், சாறு தெளித்ததில் அங்கொன்று இங்கொன்று. பச்சை இலையின் வீரியத்தில் பாதிதான் இருக்குமாம். ஆனால் கார்லா நாற்காலியில் உட்காரவே இல்லை. "பாதி போதும் ரூத்தி! குளிர் அறையே வேணாமே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருவரும் ஆய்வக உடுப்போடு ஆடினோம். யார் பார்த்தால் என்ன?

ஆகஸ்ட் 24, சனி

அடுத்த அறுவடை எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டது. காலையிலிருந்து டெல்மர் உத்தரத்தில் கால் பரப்பி நிற்கிறார், நான் கீழிருந்து குச்சி குச்சியாக நீட்டுகிறேன்.

பக்கத்து நிலத்து ஆர்லின் வண்டியை நிறுத்தி, "என்னய்யா, மறுபடியும் புகையிலையா? எவன் வாங்குறான்?" என்றார்.

"கசாப்புக்காரன்!" என்று மேலிருந்து பதில் வந்தது. ஆர்லின் தலையைச் சொறிந்தபடி போனார்.

மத்தியானம் லாரிக் கம்பெனியிலிருந்து போன். மனுஷன் இறங்கி வருவதாக இல்லை. நானே எடுத்து, அவருக்கு நேரமில்லை என்றேன்.