வாய் திறக்காத மட்டி

10-2-78, வெள்ளி

பனி. தொண்டை கட்டிக்கொண்டது. சட்டை இஸ்திரிக்குப் போட்டாயிற்று.

பிரான்சு போகும் மனு பூர்த்தி. ஒரு கட்டம் மட்டும் பாக்கி: கூட வரும் மனைவியின் போட்டோ ஒட்டுமிடம். திங்கள் பகல் பன்னிரண்டுக்குள் பிரெஞ்சுத் தூதரக ஆபீசில் கொடுக்கவேண்டும், விட்டால் போயிற்று. அங்கிருக்கும் அண்ணன் எழுதியிருக்கிறான்: "மானத்த வாங்காதவளா இருந்தா கூட்டிட்டு வா." நியாயம்தான்.

அஞ்சலையைக் கட்டி இரண்டு வருடம். அரியாங்குப்பத்து ஆற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கும் குடும்பம். அப்பா பார்த்து என் தலையில் கட்டியது. சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். நாளை அவளுக்குப் பரீட்சை: கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு சாப்பாட்டுக் கடை. தேறினால் போட்டோ ஒட்டுவேன். அவளிடம் சொல்லவில்லை. ஓட்டல் என்றதும் பூ வாங்கிக்கொண்டாள், கழுதை.

முள்கரண்டி பழக்கினேன். இட்லியைக் குத்தினாள், அது தாவிக் கீழே விழுந்தது. சிரித்தாள். ஒரு குட்டு.

11, சனி

ஏழு மணிக்குப் போனோம். குறைகள்:
செருப்புச் சத்தம்.
தண்ணீரை அண்ணாந்து குடித்தது.
மடியில் போடும் துணியால் முகம் துடைத்தது.

அங்கே கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிவைக்கிறார்கள். அன்று கிடைத்தது, அந்தப் பருவத்தில் விளைந்தது மட்டும். "இன்னைக்கு ஆத்து மட்டி, முசியே. காலைல வந்தது" என்றான் பரிமாறுகிறவன். இவள் குறுக்கே புகுந்து, "எந்தப் பக்கம் எடுத்தது, அண்ணே?" என்றாள். அண்ணேயாம். மேசைக்கடியில் காலை மிதித்தேன்.

"இனிமே வாயத் தொறந்த, இங்கியே வுட்டுட்டுப் போயிடுவேன்."

மட்டி வந்தது. வெண்ணெய், பூண்டு, நல்ல வாசனை. ஏழெட்டு மட்டும் வாய் பிளக்காமல் கிடந்தன. கத்தி முனையால் நெம்பித் திறந்து தின்றேன். பக்கத்து மேசை துரைசானிகூடத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சலை, "ஏங்க, அது..." என்று ஆரம்பித்தாள். மறுபடி மிதித்தேன், இந்தத் தடவை குதிகாலால். கண் கலங்கி அடங்கினாள். தன் தட்டில் மூடிக் கிடந்தவற்றை ஓரமாக ஒதுக்கியிருந்தாள். கத்தி பிடிக்கத் தெரியாத பட்டிக்காடு. அவற்றையும் நானே தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டத்தில் குறுக்கே கோடு இழுத்தேன். அவள் போட்டோ இந்த டைரிக்குள். தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். நிம்மதி.

12, ஞாயிறு

விடியலிலிருந்து வாந்தி, பேதி. எழுத்து கோணுகிறது. அவளுக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு.

"வெந்தும் வாய் தொறக்காதது செத்த மட்டிங்க. எங்கூட்ல கோழிக்குக்கூடப் போட மாட்டோம்."

"அங்கியே சொல்றதுக்கென்னடி?"

காலை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

13, திங்கள்

பத்து மணி. எழுந்தால் கண் இருட்டுகிறது. வீட்டார் கொடுத்தாலும் வாங்குவார்களாம். மனுவை அவளிடம் நீட்டினேன். "குடுத்துட்டு வந்துடு, அஞ்சலை. உனக்குப் புண்ணியமாப் போவும்."

பிரித்துப் பார்த்தாள். பிரெஞ்சு எழுத்து அவளுக்கு என்ன தெரியும் என்றிருந்தேன். கோடு தெரிந்திருக்கிறது.

"என் போட்டோ எங்க?"

டைரியைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். மனுவை மடித்து என் தலைமாட்டில் வைத்தாள். "நான் போயி அங்க வாயத் தொறந்தா உங்க மானம் போயிடுங்க." அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதினொன்றரை. கெஞ்சினேன். திட்டினேன். அம்மி சத்தம் மட்டும்.

மில் சங்கு ஊதுகிறது. பன்னிரண்டு. கஞ்சி கொண்டு வந்து வைத்திருக்கிறாள். உப்பு போதுமா என்று கேட்கிறாள்.