பச்சை டூ-சீட்டருக்கு ரேடியோ பூட்டிய மாதங்கள்

20 ஜனவரி 1980, ஞாயிறு. குன்னூர்

ரேடியோ செத்துவிட்டது. உறுதி செய்தவர் வேலாமணி, ரேடியோ ரிப்பேர் கடை, பெட்ஃபோர்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு, நேரில்.

"ஏனுங்க பேப்பர்காரரே, ரேடியோவைப் பூட்டுங்கன்னா வறுத்துக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார். பத்திரிகை நிருபர் என்றால் அவருக்குப் பேப்பர்காரர்தான். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். செட்டைத் திறந்ததும் வந்த வாசனைக்கு நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஜப்பான் செட். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. சிலோனிலிருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டியோடு கொண்டுவந்து சந்தையில் விற்றது. கூடவே இருந்த தாளில் போட்டிருந்தபடி சிவப்பு வயரைச் சாவிக்குப் பின்னால் வரும் கரண்ட் வயரில் முறுக்கினேன். கறுப்பைக் காரின் உடம்பில் முடுக்கினேன். சாவியைத் திருப்பினேன். 'டப்'. அவ்வளவுதான்.

தாளில் உள்ளபடி செய்தேன். பின் ஏன்?

23 ஜனவரி, புதன்

கோத்தகிரி போகிற வழியில், கட்டபெட்டுக்குக் கீழே, வண்டி நின்றுவிட்டது. பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிற வண்டி. கிளென்மார்கன் எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய ஐம்பத்துமூன்றாம் வருட இங்கிலீஷ் டூ-சீட்டர், பச்சை. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடம் கேட்கக் கூடாது. மேட்டில் இருமும், இறக்கத்தில் பாயும். இன்றைக்கு இருமல்கூட இல்லை.

அரசுத் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஆட்கள் சிலர் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா, மூடியைத் தூக்கலாங்களா?"

தூக்கினேன். அவர் எதையும் தொடவில்லை. கிராங்க் போடச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ரெண்டு காபரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடலீங்க" என்றார். பிறகு பொறி கொடுக்கும் பாயின்ட்டை வேட்டி ஓரத்தால் துடைத்து, நகத்தால் இடைவெளி பார்த்து வைத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

பெயர் பரமசிவன். சிலோனில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் டிரைவர், அதாவது தேயிலை அரைக்கிற மெஷின்களை ஓட்டும் பெரிய எஞ்சினுக்குப் பொறுப்பாள். துரையின் காரும் பதினாறு வருடம் இவர் கையில்தான். நான்கு வருடத்துக்கு முன் கப்பலேறி வந்தவர். இங்கே மண்வெட்டி.

பாட்டரியைப் பார்த்தவர் சொன்னார்: "இது பாஸிட்டிவ் எர்த்துங்க. தொரை காரும் இப்படித்தான். பிளஸ்ஸுதான் உடம்போட சேந்திருக்கும்."

ரேடியோ ஏன் வெந்தது என்று நடுரோட்டில் தெரிந்துகொண்டேன்.

27 ஜனவரி, ஞாயிறு

பரமசிவன் வந்தார். கையில் ஒரு அரிசி டின். அதற்குள் பழைய சேலையில் சுற்றிய ஸ்பானர்கள், அளவுவாரியாக. ஒவ்வொன்றையும் எடுத்து, துடைத்து, சாக்கில் வரிசையாக வைத்தார். என் மனைவி ஜூடித் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிறவள். "இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைஞ்சதில்லை" என்றாள்.

தேநீரின்போது பரமசிவன் மெல்லச் சொன்னார். தோட்டத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை ஒன்று காலி. விண்ணப்பம் கொடுத்துவிட்டார். ஆனால் கரையிறங்கிய முகாமில் கொடுத்த குடும்ப கார்டில் தொழில் என்ற இடத்தில் 'தேயிலைத் தோட்டக் கூலி' என்று இருக்கிறது. ஆபீஸில் கார்டைத்தான் பார்ப்பார்களாம். பழைய தோட்டத்துக் கடிதம்? வருகிற வழியில் நனைந்து கூழாகிவிட்டது.

"இது போனா இனி வேற எடம் வராதுங்க. வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டப்போகுது" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரே சொல்லை எழுதித் தள்ளிய குமாஸ்தாவை நினைத்து. இவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

3 பிப்ரவரி, ஞாயிறு

காரின் கரண்டைத் திருப்பிவிட்டோம். பாட்டரி வயர்களை இடம் மாற்றினார். காயிலின் இரண்டு வயர்களை மாற்றினார். பிறகு டைனமோவின் சிறிய முனையில் ஒரு வயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். மூன்று பொறி. "இனி இதுக்குப் புதுத் திசை தெரியுங்க." ஆம்பியர் முள் தலைகீழாகக் காட்டியது. அதையும் மாற்றினார். மொத்தம் நாற்பது நிமிடம்.

வேலாமணி இரண்டு டிரான்சிஸ்டர் மாற்றி செட்டைப் பிழைக்க வைத்துவிட்டார். "இந்த வாட்டி நீங்க தொடாதீங்க சார், அந்த சிலோன்காரரே தொடட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

4 பிப்ரவரி, திங்கள்

தோட்டத்துப் பொறியாளர் சில்வஸ்டருக்குக் கடிதம் அனுப்பினேன். கார்டில் உள்ளது முகாம் குமாஸ்தாவின் கவனக்குறைவு என்றும், திறமையுள்ள தொழிலாளி அதனால் பாதிக்கப்படக் கூடாது என்றும். ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்திருக்கிறது.

10 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை முதல் கார்புரேட்டரின் வாயில். பிறகு இரண்டாவதின் வாயில். திருகைக் கால் சுற்று. மறுபடி குழாய். மறுபடி கால் சுற்று. ஒரு மணி நேரம் இதையே செய்தார். அவசரம் என்பதே இல்லை. எனக்கும் குழாயைக் கொடுத்தார். இரண்டிலும் ஒரே 'உஸ்'.

மாலை லேம்ப்ஸ் ராக் ரோட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. பதினொரு வருடத்தில் இல்லாதது.

16 பிப்ரவரி, சனி

சூரிய கிரகணம். கடைத்தெருவில் நாய்கூட இல்லை. தோட்டத்தில் பாதி நாள் லீவு என்று பரமசிவன் வந்துவிட்டார். கூரைக்குக் கீழேதானே வேலை.

ரேடியோ பாடுகிறது. ஆனால் எஞ்சின் ஓடினால் கூடவே அதுவும் பாடுகிறது. எனக்குக் கேட்டது ஒரே இரைச்சல். அவருக்கு இரண்டு. "ஆக்ஸிலேட்டர் கொடுத்தா ஏறுற கீச்சு, அது டைனமோ. டக்டக்குனு வாறது பிளக்கு." டைனமோவுக்கு ஒரு கன்டென்சர், காயிலுக்கு ஒன்று, பிளக் வயரில் ஒரு தடை. கீச்சு போயிற்று. டக்டக் கொஞ்சம் மிச்சம். பானட் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே பழைய செம்புப் பின்னலைப் போட்டு முடுக்கினார். அதுவும் போயிற்று.

வெளிச்சம் மங்கி, திரும்பி வந்தது. அவர் தலை நிமிரவில்லை.

24 பிப்ரவரி, ஞாயிறு

கதவில் ஸ்பீக்கர் வைத்தால் தகரம் அதிர்கிறது. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, உள்ளே சாக்கு ஒட்டி, சீட்டுக்குப் பின்னால் பெட்டியாகச் செய்து வைத்தார். வேலாமணி கடையைப் பூட்டிவிட்டு வந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு. பிறகு என்னிடம் சொன்னார்: "நான் இருபத்திரண்டு வருசமா ரேடியோ பாக்கறேனுங்க. பெட்டிக்குள்ள சாக்கு ஒட்டோணும்னு எனக்குத் தோணல." அவர் வாயிலிருந்து இது சாதாரணமாக வராது.

பரமசிவன் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

27 பிப்ரவரி, புதன்

சில்வஸ்டரிடமிருந்து பதில். 'தங்கள் கடிதத்தின் பேரில் முகாமுக்கு எழுதப்பட்டு, மேற்படி கார்டை எழுதிய குமாஸ்தாவிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.' சரியான பாதையில் போகிறது. பரமசிவனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

2 மார்ச், ஞாயிறு

இன்று மனைவியோடு வந்தார். காத்தாயி. கொழுந்து எடுக்கிறவர். காரின் கூரைக் கித்தான் ஒழுகுகிற இடத்தைத் தைத்துத் தர வந்திருப்பதாகச் சொன்னார். ஊசியையும் நூலையும் எடுத்தார், ஆனால் தைக்கவில்லை.

பரமசிவன் பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தார். நட்டு ஒன்று கையிலிருந்து விழுந்து உருண்டது. ஐந்து வாரத்தில் முதல் முறை.

"சொல்லுங்க" என்றார் காத்தாயி அவரிடம். அவர் அடுத்த நட்டைக் கழற்றப் போனார். "சரி, நானே சொல்றேன். ஐயா, அந்த கிளாக்கர் மேல தப்பு இல்லீங்க. இவரு சொன்னதைத்தான் அவரு எழுதினாரு."

முகாம் வரிசையில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது. மெஷின் வேலை தெரியும் என்று சொல்கிறவனைக் கீழ்நாட்டு மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள், கொழுந்துத் தோட்டம் என்றால்தான் மலை. காத்தாயியின் அக்கா பேச்சியின் குடும்பத்துக்கு நீலகிரி என்று அப்போதே தீர்ந்துவிட்டது. "அக்கா போற எடத்துக்கே போகணும்னு நாந்தான் இவரு கையப் புடிச்சேன். எங்களுக்கு வேற யாரு இருக்கா? தெரியாத ஊருங்க." அவர் முறை வந்தது. தொழில் என்ன? தோட்டக் கூலி. ஸ்பானர்களை அரிசி டின்னுக்குள் போட்டு மேலே அரிசியைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இப்போது இரு குடும்பமும் ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா அறையில்.

"ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க கோவமா இருந்தீங்க. ஐயா பெரியவரு, எழுதுறவரு. நடுவுல குறுக்க பேச வாய் வரலீங்க."

முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவன். 'இதை யார் சொன்னது?' என்று ஒருவரிடமும் கேட்காமல் ஒன்றரைப் பக்கம். சே.

பிறகு அவர்களுக்குள் பேச்சு ஏறியது. பரமசிவன்: "பேரு ஊரு தெரியாத மனுசன், என்னால அவன் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது. உண்மையை எழுதிடுங்க ஐயா." காத்தாயி: "எழுதினா இவரு பொய் சொன்னவரு ஆயிருவாரே! ஃபிட்டர் வேலை போகட்டும், இருக்கிற வேலையிலயும் பேரை வெட்டிட்டா?"

பரமசிவன் நட்டைத் தேடி எடுத்துப் பூட்டினார். கித்தான் தைக்கப்படவில்லை.

5 மார்ச், புதன்

நான்கு நாளாக யோசனை. கடிதத்தைத் திரும்பப் பெறாவிட்டால் யாருக்கும் தெரியாது. பரமசிவனுக்கு வேலைகூடக் கிடைக்கலாம். முகாமில் ஒருவன் செய்யாத தப்புக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பான்.

ஜூடித்திடம் கேட்டேன். "அவர் என்ன பண்ணச் சொன்னாரோ அதைப் பண்ணுங்க. உங்க வண்டியில அவர் சொன்னது எதுவும் தப்பாப் போகலையே" என்றாள்.

10 மார்ச், திங்கள்

மறுப்புக் கடிதத்தை நேரில் கொடுப்பது என்று முடிவு. பரமசிவனை ஏற்றிக்கொள்ள லயத்துக்குப் போனேன். சீட்டில் ஏறி உட்கார்ந்தது காத்தாயி.

"பொய் சொல்லச் சொன்னது நான். நாந்தான் போகணும். அவரு பஸ்ஸுல வரட்டும்."

பரமசிவன் என்னைப் பார்த்தார். டூ-சீட்டர். அவர் பஸ்ஸில் வந்தார்.

வழியில் ரேடியோ போடட்டுமா என்று கேட்டேன். "வேணாங்கய்யா. சொல்லப்போறதைச் சொல்லிப் பாத்துக்கிட்டு வாறேன்." கட்டபெட்டிலிருந்து குன்னூர் வரை அவர் வாய்க்குள் முணுமுணுத்தது முழுவதும் எனக்குக் கேட்டது. ஜனவரியில் இந்த வண்டியில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

சில்வஸ்டர் கடிதத்தை இருமுறை படித்தார். நான் காரைப் பற்றிச் சொன்னேன்: கார்புரேட்டர், கரண்ட், ரேடியோ, எல்லாம். வெளியேதான் நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். அவர் எழவில்லை. "உங்க கார் நல்லா ஓடினா அது உங்க சந்தோஷம், சார். எனக்கு அது ரெக்கார்டு இல்லை."

காத்தாயி எழுந்து நின்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஐயா, பொய் என்னோடது. பேரை வெட்டணும்னா என் பேரை வெட்டுங்க."

"பேரை வெட்ட எனக்கு அதிகாரமில்லம்மா. நான் இன்ஜினியர்." அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. "குமாஸ்தா மேல உள்ளதை இன்னைக்கே முடிச்சிடறேன். தப்பாச் சொன்னதுன்னு இவங்க வீட்டுக்காரர் ஃபைல்ல ஒரு குறிப்பு ஏறும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனா கார்டு மட்டும் பாத்துதான் ஆள் எடுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. விண்ணப்பம் போட்டவங்களுக்கு டெஸ்ட் வைக்கிறேன்."

வெளியே வந்தபோது பரமசிவன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார். காத்தாயி அவரைப் பார்த்ததும்தான் அழுதார்.

30 மார்ச், ஞாயிறு

கித்தான் தைத்தாகிவிட்டது. மழை பெய்து பார்க்க வேண்டும்.

11 ஏப்ரல், வெள்ளி

டெஸ்ட் நேற்று முன்தினம் நடந்தது. மூன்று பேர். ஆளுக்கு ஒரு பழுதான டீசல் எஞ்சின். சில்வஸ்டரை இன்று ஆபீஸில் பார்த்தேன். முடிவைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று சொன்னார்.

"மத்த ரெண்டு பேரும் ஸ்பானரைத்தான் முதல்ல எடுத்தாங்க. இவர் ஒரு வாளி தண்ணி கேட்டார். எஞ்சினுக்குக் கீழே தரையைக் கழுவி, காய விட்டு, உங்க பேப்பரையே விரிச்சுப் போட்டு, ஓட்டச் சொல்லி உட்கார்ந்துட்டார். எண்ணெய் எங்கே சொட்டுதுன்னு பாக்க. கால் மணி நேரம். மார்க் போடுற தாள்ல அதுக்குக் கட்டமே இல்லை, சார். ஓரத்துல எழுதி வச்சிருக்கேன்."

இன்னொன்றும் சொன்னார். காலியிடம் இங்கே இல்லை, தேவாலா டிவிஷன் ஒர்க்ஷாப்பில். அது விளம்பரத்தில் இல்லாத தகவல்.

மாலை லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பரமசிவன் தலையைக் குனிந்துகொண்டார். தேவாலா என்றால் கூடலூருக்கும் அந்தப் பக்கம், ஆறு மாதம் மழை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சி உள்ளே போனார். அக்கா போன கதவைக் காத்தாயி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, வேலை கெடைச்சா போகணுமே. குன்னூருலேர்ந்து கூடலூருக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

முடிவு ஏப்ரல் 21, திங்கள் காலை, ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும். தகவல்: சில்வஸ்டர், நேரில். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நாளை பஸ் ஸ்டாண்டில் விசாரித்துச் சொல்ல வேண்டும்.