தண்ணீர் அடித்த மோட்டார்

1 அக்டோபர் 2025
ஆயுத பூசை. இவர் வேலையிலிருந்து வருவதற்குள் தொலைதூரம் ஓட்டும் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளைப் பளபளவென்று ஆக்கிவைக்க ஆசை. கீழ்வீட்டு ஃபாத்தினிடம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் ஜெட்டை இரவல் வாங்கி, இண்டு இடுக்கு விடாமல் அடித்தேன். "எஞ்சின் பக்கம் மட்டும் ஜெட் அடிச்சிடாதே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்!

சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாயிற்று. "துணியாலயா இப்படித் துடைச்சே?" என்றார். ஆமாம் என்றேன்.

3 அக்டோபர்
மோட்டார் திக்கித் திக்கி ஓடுகிறது. சிக்னலில் இரண்டு முறை அணைந்துவிட்டதாம். போன வாரம்தான் ஜபருல்லா அண்ணன் தம் பட்டறையில் சர்வீஸ் செய்தார். "இருபது வருஷப் பழக்கம்! என் மோட்டார்லயே கைவரிசையைக் காட்டிட்டான்" என்று இவர் கத்துகிறார். அண்ணன் வந்து பார்க்கிறேன் என்று கெஞ்சியும் விடவில்லை.

வாட்டர் ஜெட்டை இவர் கண்ணில் படாமல் ஃபாத்தினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5 அக்டோபர்
இவரே வைத்தியம் பார்க்கிறார். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு புகைக்குழாய் மேலும் சொட்டுத் தண்ணீர் விட்டார். ஒன்று சுர்ரென்றது. மற்றதில் சும்மா வழிந்தது. "ஒரு சிலிண்டர் எரியலை. எண்ணெய் கெட்டுப்போச்சுலா" என்று பெட்ரோலை மாற்றி ஊற்றினார். நடுக்கம் போகவில்லை.

6 அக்டோபர்
ஜபருல்லா அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஜெட் வச்சுக் கழுவினீங்களா? ஸ்பார்க் பிளக்கை மூடுற ரப்பர் விலகி, பிளக் குழியில தண்ணி நின்னா இப்படித்தான் ஓடும். வெயில்ல காஞ்சா சரியான மாதிரி இருக்கும். மழையில திரும்பக் காலை வாரிடும்."

"இல்லண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

9 அக்டோபர்
மூன்று நாளாக நல்ல வெயில். மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. "பாத்தியா, எண்ணெய்தான்!" இவருக்கு ஒரே பெருமை. சனிக்கிழமை கூட்டாளிகளோடு பாலிங் ஊர் வழியாக எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் பயணம்.

சொல்லித் தொலையேன்டி காமினி. திட்டுவார், ரெண்டு நாள் பேச மாட்டார் — அவ்வளவுதானே? சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தேன். "அந்த ஜபருல்லா மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டேன்" என்றார். அவரைத் திட்டுகிற திட்டெல்லாம் எனக்கு வரவேண்டியது. பயந்துவிட்டேன். எழுந்து கை கழுவப் போனேன்.

11 அக்டோபர்
ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார். ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐந்து தடவை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. முருகா.

14 அக்டோபர்
ஆஸ்பத்திரியில் இன்றுதான் தெளிவாகப் பேசினார். லாரியை முந்தும்போது எஞ்சின் நின்றுவிட்டதாம். பின்னால் வந்த கார் ஏறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் ஜபருல்லா அண்ணன் வார்டு வாசலில் நின்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் காலை எடுத்தவனை உள்ள விடாதே."

நான்தான் எழுந்து போனேன். "இனிமே வராதீங்கண்ணே."

அவர் என்னையே பார்த்தார். "நான் அன்னைக்கே கேட்டேனே தங்கச்சி" என்றார், மெதுவாக. கொண்டுவந்த கஞ்சிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கேன்டீனில் வாங்கியது என்று சொல்லி இவருக்கு ஊட்டினேன்.