மர்ஹூம் கலந்தரின் சம்மதம்

மருதமுனை
18.01.2025

கலந்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வதில் எனக்குத் தடை ஒன்றுமில்லை. மையவாடியைக் கடந்து போகும்போது உள்ளே அடக்கப்பட்டிருப்பவர்களுக்கும் சொல்லத்தானே செய்கிறோம்.

நான் ஆகிலா. நீங்கள் கடலுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்தொன்று. நிந்தவூர் இன்பாஸ் உங்கள் தீவில் இறங்குதுறை கட்டும் வேலையில் இருக்கிறார் அல்லவா? அவர் முகநூலில் போட்ட வீடியோவில் ஒரு கிழவர் நாலைந்து பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரும் இடத்துக்கு ஒரு விநாடி முன்னால் மூக்கைச் சொறிந்தார். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

எங்கள் வீட்டு ஃபோன் எல்லார் கைக்கும் போகும். அதோடு எனக்கு வேண்டியது கடதாசியில்தான் வேண்டும். அதனால் இன்பாஸின் ஆட்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு ஏப்ரல் இருபதாம் திகதி நிக்காஹ். மாப்பிள்ளை றிப்தி, பொத்துவில். தகப்பன் கடலில் மௌத்தானவர் என்று அவர்களிடம் சொன்னோம். சொல்லும்போது அது எங்களுக்கு உண்மை. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது, இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்கு முன்னால், காலஞ்சென்றவர் என்று காட்ட, ‘மர்ஹூம்’ போட்டிருக்கிறது. வலிகாரராக நின்று என்னைக் கொடுக்கப்போவது உங்கள் மகன் ஹாதிக் காக்கா.

வாப்பா இல்லாவிட்டால் சகோதரன் கொடுக்கலாம். வாப்பா உயிரோடு இருக்க, அவருடைய அனுமதி இல்லாமல் கொடுத்தால் நிக்காஹ் செல்லாது. வேறு யாருக்கோ வந்த பிரச்சினை போல வெளியூர் மௌலவி ஒருவரிடம் கேட்டேன். தூரதேசத்தில் இருக்கும் தகப்பன் மகனுக்கு அனுமதி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அந்த ஒரு வசனத்தை எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைத்து அனுப்புங்கள். காக்காவுக்கு மட்டும் தெரியும். உம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

வர வேண்டாம்.

ஆகிலா


மாலைதீவு, தெற்குத் தொங்கல்
02.02.2025

என் ஒரே மகள் ஆகிலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கப்றுக்குழிக்குள் இருந்து பதில் சொல்கிறேன். இங்கே காற்றோட்டம் பரவாயில்லை.

முதலில் ஒரு முறைப்பாடு. என்னைக் கிழவர் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஐம்பத்து மூன்றுதான், மகள். வெயிலில் கிடந்த எந்தக் கருவாடும் தன் வயதைவிடக் கிழடாகத்தான் தெரியும்.

நான் வந்த கதையைக் கேள். அன்று கூட வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். வலையைப் பார்த்துவிட்டு ஒரு பொழுதில் திரும்பலாம் என்று தனியாகப் போனேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஊரில் என்னைத் தவிர எல்லா ஆம்பிளையும் எஞ்சின் திருத்துவான். நான் அதற்கு இரண்டு பகிடி சொல்லிப் பார்த்தேன். அதுவும் உன் உம்மாவைப் போலத்தான், அசையவில்லை. வாடைக் காற்று தெற்கே தள்ளியது, பிறகு நீரோட்டம் மேற்கே இழுத்தது. பத்தொன்பது நாள். மழைத் தண்ணீரும் பச்சை மீனும். பன்னிரண்டாம் நாளில் இருந்து கடலோடு கதைக்கத் தொடங்கினேன். அது ஒரு தரமும் இடையில் குறுக்கிடவில்லை. எனக்கு வாய்த்ததில் அதுதான் நல்ல சபை. பிறகு சூரைமீன் பிடிக்கும் தோணி ஒன்று கண்டெடுத்து இங்கே கொண்டுவந்து போட்டது.

தீவென்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடாதே. இந்தத் தொங்கலில் நின்று தும்மினால் அந்தத் தொங்கலில் நிற்பவன் ‘யர்ஹமுகல்லாஹ்’ சொல்வான். அப்படி ஒரு இருபது தீவு, ஒன்றுக்கொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. சாமான் தோணியில் தீவு தீவாகப் போய் வெங்காயமும் சீமெந்தும் இறக்குவது என் வேலை. பாஸ்போட் இல்லாதவனுக்கு ஏற்ற உத்தியோகம்.

மாப்பிள்ளை பொத்துவில் என்கிறாய். அங்கே அறுகம்பேயில் பலகையை வைத்து அலை மேலே நிற்கிற வெள்ளைக்காரரோடு சேர்ந்து திரிகிறவர் இல்லைதானே? அந்த மனிதர்கள் கடலுக்குள் போவார்கள், அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள். இந்த வித்தை எனக்கு வரவில்லை.

அந்த வசனத்தைப் பற்றி நேரில் கதைப்போம். நான் வருகிறேன்.

அன்பு வாப்பா,
கலந்தர்


மருதமுனை
16.02.2025

கலந்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு வசனம் அதில் இல்லை.

தும்மல் வரும் இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காக என் மேலேயே கோபமாக இருக்கிறது. உம்மா சமையலறையில் இருந்து, “என்ன புள்ள தனியச் சிரிக்காய்?” என்று கேட்டா. ஃபோனில் ஒன்று வந்தது என்றேன். உங்களுக்காக உம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

நீங்கள் கடலோடு கதைத்ததை எழுதினீர்கள். நான் இத்தாவைப் பற்றி எழுதுகிறேன். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இருப்பை உம்மா ஒரு நாள் குறையாமல் இருந்தா. அந்த நடு அறை ஜன்னலுக்குச் சீலை கட்டியிருந்தோம். சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. முற்றத்தில் ஆண்குரல் கேட்டால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதும் என் வேலை. ஒரு நாள் பெரிய மாமாவின் குரல் உங்கள் குரல் மாதிரிக் கேட்டது. உம்மா எழும்பிவிட்டா. பிறகு அவவே வந்து கதவைச் சாத்தினா.

பத்தொன்பது நாளில் தோணி எடுத்தது என்கிறீர்கள். அப்படியென்றால் இத்தா முடிய முதலே நீங்கள் கரையில் இருந்திருக்கிறீர்கள். ஒரு சொல் ஏன் சொல்லவில்லை? அங்கே ஒரு பொம்பிளை இருக்கிறாவா? இருந்தால் சொல்லுங்கள். விளங்கிக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

வசனத்தை அனுப்புங்கள். வர வேண்டாம்.

ஆகிலா


சாமான் தோணியில் இருந்து
05.03.2025

மகள் ஆகிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

காலை வெயிலில், வெற்றுப் பீப்பாய்களுக்கு நடுவில் குந்தியிருந்து எழுதுகிறேன். தீவுகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போகின்றன. மாலே போய்ச் சேர நாளை பொழுதுபடும். கூட இன்பாஸ் வருகிறான். தன் கொம்பனி ஆட்களைப் பார்க்க வேண்டுமாம்; மாலேயில் அவன் நண்பனின் அறையில்தான் தங்குவோம். நிந்தவூரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவன், தோணி ஏறிய நேரம் முதல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். நோன்பு வேறு. பிரயாணிக்கு நோன்பை விடலாம் என்று சலுகை இருக்கிறது என்றேன். “உங்களுக்கென்ன, மௌத்தான ஆளுக்கு நோன்பே இல்ல” என்கிறான். என் பகிடியை எனக்கே விற்கிறான்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

உடம்பு தேறி ஒரு ஃபோன் கைக்குக் கிடைக்க ஐம்பது நாள் ஆனது. மனப்பாடமாக இருந்தது நம் சந்திக் கடை இலக்கம் மட்டும்தான். கடைக்காரர் எடுத்தார். என் தொண்டை கம்மிப் போயிருந்ததால் குரல் பிடிபடவில்லை.

“கலந்தர்ட வீட்டாக்களோட கதைக்கலாமா?”

“நீங்க ஆரு?”

ஏனென்று தெரியாது, “கூட வேலை செஞ்ச ஆள்” என்றேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியாதா? கலந்தர் மௌத்தெல்லுவா. மையித்துக் கிடைக்கல்ல. போன ஜும்ஆவுக்குப் பொறகு உடம்பில்லாமலே காயிப் ஜனாஸா தொழுதாச்சி. பள்ளி கொள்ளாம வெளியிலயும் சனம். தங்கமான மனிசன். அவர் இல்லாம சந்தியே செத்துப் போச்சி.”

இதே மனிதர், நான் கடலுக்குப் போன கிழமை, “கலந்தர்ட உடம்புல வேலை செய்ற ஒரே உறுப்பு நாக்கு” என்று முழுக் கடைக்கும் கேட்கச் சொன்னவர். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன், மகள். என்னைப் பற்றிச் சனம் என்ன சொன்னது என்று. கேட்கக் கேட்க இனித்தது. கடைசியில்தான், “றாஹிலாவோட ஒரு சொல்லுக் கதைக்க ஏலுமா?” என்றேன்.

“அவ இத்தாவுல இரிக்கா! அன்னிய ஆம்பிளையோட கதைப்பாவா? மார்க்கம் தெரியாத ஆளா நீங்க?”

என் மனைவி எனக்காகத் துக்கம் இருப்பதால் என்னோடு கதைக்க முடியாது என்கிறார்கள். ‘நான்தான் கலந்தர்’ என்று சொன்னால் முடிந்துவிடும். மூன்று சொல்கூட இல்லை. ஆயுள் முழுக்கக் கதைத்தே காலம் கழித்தவனுக்கு அது வரவில்லை. இத்தா முடியட்டும், அடுத்து எடுப்போம் என்று வைத்துவிட்டேன். இத்தா முடிந்தது. இவ்வளவு சனம் தொழுத பிறகு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு மாதம் யோசித்தேன். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு வருசம் ஆனது.

நாற்பத்தொரு வருசம் நான் பகிடிக் கலந்தர். ஊர் முதல்தடவையாக என்னைத் தங்கமான மனிசன் என்றது. அந்தப் பதவியில் இருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான் காரணம். பொம்பிளை யாரும் இல்லை. இருந்திருந்தால் நீ கோபப்பட ஒரு கண்ணியமான காரணமாவது கிடைத்திருக்கும்.

மாலேயில் நம் நாட்டுத் தூதரகக் கந்தோருக்குப் போய், பாஸ்போட் இல்லாத ஆள், பிடித்து அனுப்புங்கள் என்று சொல்லப்போகிறேன். மாமாமார் உனக்குக் கட்டிய வீட்டில் எனக்கு ஒரு மூலையும் வேண்டாம். நம் பக்கத்தில் வீடெல்லாம் பொண்டுகளுடையது, ஆம்பிளை வந்து போகிறவன். நானும் வந்து போகிறேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ‘என் மகளை உனக்குக் கொடுத்தேன்’ என்று ஒரே ஒரு தரம் என் வாயால் சொல்லவேண்டும். இந்த வாய் பிரயோசனமாக ஒன்றைச் சொல்லட்டும்.

வாப்பா


மருதமுனை
17.03.2025

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். மாலேயில் இன்பாஸின் நண்பரின் அறைக்கு இதை அனுப்புகிறேன். கந்தோருக்குப் போக முதல் இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் காக்காவும் வாசித்தார். வாசித்துவிட்டு, “நல்லா எழுதுறார்” என்றார். அவ்வளவுதான்.

வாப்பா, நீங்கள் வந்து இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். என் கல்யாணம் தள்ளிப்போகும், போகட்டும். பொத்துவில் ஆட்கள் எங்களைப் பொய்யர் என்பார்கள், சொல்லட்டும். ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அது உங்களுக்குப் பழக்கம்.

உம்மாவுக்குப் பழக்கமில்லை.

தன் வாழ்க்கையில் குறையில்லாமல் செய்து முடித்த காரியம் என்று உம்மா நினைப்பது அந்த இத்தாவைத்தான். வேறு சம்பந்தங்கள் வந்தபோதும், ‘அவர் ஷஹீத், கடலில் போய்த் தியாகியானவர்’ என்று சொல்லி வேண்டாம் என்றா. வியாழன் பின்னேரம் தவறாமல் உங்களுக்காக யாசீன் ஓதுகிறா. நீங்கள் வந்தால் அவ்வளவும், உயிரோடு இருந்து ஃபோனில் புகழ் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்காக என்று ஆகிவிடும்.

நீங்கள் அதைக் கதையாகச் சொல்லுவீர்கள், வாப்பா. உங்களால் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் மாதம் அழுவீர்கள். இரண்டாம் மாதம் சந்திக் கடையில் இருந்து, இத்தாவில் இருக்கும் பொண்டாட்டியோடு கதைக்க முடியாமற்போன புருசனின் கதையைச் சொல்லுவீர்கள். நல்ல கதைதான். எனக்கே வாசிக்கும்போது வாயோரம் இழுத்தது. எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கு ஒரு விநாடி முன்னால் நீங்கள் மூக்கைச் சொறிவீர்கள். உம்மா அந்தச் சந்தியால்தான் மருந்துக்குப் போகவேண்டும்.

உங்கள் வாயால் என்னைக் கொடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஆசைதான். ஒன்பது வயதில் இருந்து ஆசை. அதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் விடுங்கள்.

அந்த ஒரு வசனம். பகிடி இல்லாமல்.

உங்கள் மகள்,
ஆகிலா


மாலே
26.03.2025

மருதமுனையைச் சேர்ந்த கலந்தர் ஆகிய நான், என் மகள் ஆகிலாவைப் பொத்துவிலைச் சேர்ந்த றிப்திக்கு நிக்காஹ் செய்து கொடுக்க, என் மகன் ஹாதிக்குக்கு முழு மனதோடு அனுமதி அளிக்கிறேன். இதை எழுதும்போது நான் உயிரோடும் சுய புத்தியோடும் இருக்கிறேன்.

கலந்தர்

சாட்சிகள்:
1. இன்பாஸ், நிந்தவூர்
2. முனாஸ், சம்மாந்துறை

மகள், கந்தோர் வாசல் வரை போயிருந்தேன். உள்ளே போகவில்லை. சாமான் தோணி நாளைக் காலை தெற்கே திரும்புகிறது.

அழைப்பிதழில் அடித்தபடியே இருக்கட்டும்.