இடது பக்கம் குத்தும் பல்செட்

ஆறாம் தேதி, புதன்

சுண்டெலிக்கு, பாட்டி எழுதுவது.

அன்றைக்கு அந்தப் பல்செட் செய்யும் லேபில் இருந்தவர்கள்: இன்டர்வியூவுக்குப் போன நீ, துணைக்கு வந்த நான், ஃபேனுக்கு நேரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை எழுந்திருக்காத பச்சைச் சட்டைக்காரர், நகம் கடித்த பெண், உன்னைக் கடைசியாகக் கூப்பிட்ட கிளார்க், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சாம்பல் ஏப்ரன்காரி. ஒருத்தர் முகமும் எனக்கு மறக்காது.

முடிந்து வெளியே வந்த நீ பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாஸ்டல் வாசலில் இறங்கியவள் திரும்பியும் பார்க்கவில்லை. காரணம் நானாகத்தான் இருக்கும்.

நீ கிளார்க்கிடம் சான்றிதழ் காட்டப் போனபோது பிஸ்கட் கொடுத்தார்கள். செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன். "ஏம்மா கழட்டிட்டீங்க?" என்றாள் ஏப்ரன்காரி. "கீழ இடது பக்கம் குத்துதும்மா. பேத்தி செஞ்சு குடுத்தது. ஆறு மாசமா அவகிட்ட சொல்லல, சொன்னா மூஞ்சி சுருங்கிடும்" என்றேன். எழுந்து நேராக இன்டர்வியூ அறைக்குள் போய்விட்டாள். மெஷின் துடைக்கிறவள் என்றல்லவா நினைத்தேன்!

உள்ளே என்ன நடந்தது? எழுது.

பாட்டி


பத்தாம் தேதி

அன்புள்ள பாட்டி,

"நீங்க செஞ்சதுல எதைப் பெருமையாச் சொல்வீங்க?" என்று ஏப்ரன் மேடம் கேட்டார். அவர்தான் லேபுக்குத் தலைமை. "எங்க பாட்டியோட செட். ஆறு மாசமாப் போடறாங்க, ஒரு குறை சொன்னதில்ல" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "இப்பதான் என்கிட்ட சொன்னாங்க, இடது பக்கம் குத்துதாம்."

காது மடல் சுட்டது. "இப்ப என்ன செய்வீங்க?" என்றார். "செட்டைப் பார்த்தாத்தான் தெரியும் மேடம்" என்றேன். "பாருங்க. சரி பண்ணி இருபதாம் தேதிக்குள்ள கொண்டுவாங்க. அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்."

ஒவ்வொரு கடிதத்திலும் செட் எப்படி இருக்கிறது என்று கேட்டேனே! முத்து மாதிரி இருக்கிறது என்று எழுதினாயே! யாரோ ஒருத்தருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. கோபம் அதற்குத்தான்.

இங்கே காலேஜில் லீவு கிடைக்காது, நேரில் வர முடியாது. ஈறில் வலிக்கும் இடத்தில் கண்மைப் பென்சிலால் புள்ளி வை. செட்டைப் போட்டுக் கழற்று. மை ஒட்டிய இடத்தில் ஊசியால் கீறி, உடனே பார்சலில் அனுப்பு. என் மூஞ்சியை நினைக்காமல் எல்லாக் குறையும் எழுது.

சுண்டெலி


பதின்மூன்றாம் தேதி

சுண்டெலிக்கு,

கண்மைப் பென்சிலை எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் வாங்கினேன். கீறியிருக்கிறேன், பார்.

குறை கேட்டாய். மேல் செட் சிரித்தால் இறங்குகிறது. உன் மாமா எடுத்த போட்டோவில் நான் உர்ரென்று இருப்பது கர்வத்தால் இல்லை. முன்பல் இரண்டும் பெரிது. என் வாயில் எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை, அது உன் அத்தையின் பல். யாரை நினைத்துக்கொண்டு செய்தாய்? போட்ட மூன்றாம் நாளே, ஒரு வெள்ளிக்கிழமை, குத்த ஆரம்பித்தது. அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

செட் திரும்பி வரும்வரை ஊறவைத்த ரொட்டிதான். மூஞ்சி சுருங்கினால் சுருங்கட்டும், வேலை முக்கியம்.

பல் இல்லாத பாட்டி


இருபத்தெட்டாம் தேதி

சுண்டெலிக்கு,

செட் வந்தது. கூடவே வந்த உன் கடிதத்தில், வேலை கிடைத்தது என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். மேல் செட் இன்னும் இறங்குகிறது, வரும்போது பார்.

ஃபேன் காற்றை மறைத்த பச்சைச் சட்டைக்காரரை மன்னித்துவிட்டேன். உன்னைக் கடைசியாகக் கூப்பிட்ட கிளார்க்கையும். பஸ்ஸில் பேசாமல் வந்த உன்னையும்.

ஆனால் பொம்பளைக்குப் பொம்பளை என்று நம்பிச் சொன்னதை, நேராக உள்ளே கொண்டுபோய் உன் முன்னால் போட்டாளே! அதனால்தான் நல்லது நடந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். நீ அவளிடம் ஒழுங்காக வேலை கற்றுக்கொள், எதிர்த்துப் பேசாதே. நேற்று அவளை நினைத்துப் பல்லை நறநறவென்று கடித்துப் பார்த்தேன். இடது பக்கம் துளிகூடக் குத்தவில்லை. இருந்தாலும் மன்னிக்க மாட்டேன், அந்தச் சாம்பல் ஏப்ரன்காரியை.